பாரோ நதிக்கரையில் ஒரு பீர் ஆலை

அயர்லாந்து தேசத்து பீர் என்றால் உலகமெங்கும் சொல்லப்படுகிற பெயர் கின்னஸ். 1759ஆம் ஆண்டு ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளின் நகரில் ஓர் ஆலையை 9,000 வருஷக் குத்தகைக்கு எடுத்தார். வாடகை வருஷத்துக்கு 45 பவுன். அந்த ஆலை வளர்ந்தது. கால்வாயும் ரயிலும் அதன் பீப்பாய்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கவே, சிற்றூர்களில் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1990களின் தொடக்கத்தில் தேசத்தின் பீர் வியாபாரம் அநேகமாக முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் கார்லோ என்ற சிறிய ஊரில் மறுபடியும் பீர் காய்ச்சத் துணிந்த இரண்டு சகோதரர்களின் கதை இது. குடியின் புகழ் பாடுவது நம் நோக்கமல்ல. ஓர் ஊர் தன் பயிரையும் பெயரையும் காப்பாற்றிக்கொள்ள என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

டப்ளினுக்குத் தெற்கே சுமார் 80 கிலோ மீட்டர் தூரத்தில், பாரோ நதிக்கரையில் இருக்கிறது கார்லோ. அதே பெயருள்ள மாவட்டம் அயர்லாந்திலேயே இரண்டாவது சிறிய மாவட்டம். பழமைக்குக் குறைவில்லை. ஊருக்குக் கிழக்கே, வயல் நடுவே, கற்கால மக்கள் எழுப்பிய கல்லறை ஒன்று நிற்கிறது. அதன் மூடுகல் மட்டுமே 100 டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். ஆனால் இருந்ததை இழப்பதிலும் இந்த ஊருக்கு அனுபவம் அதிகம். நதிக்கரையில் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருந்தது. 1814ல் ஒரு டாக்டர் அதை மனநோயாளிகளுக்கான விடுதியாக மாற்றப் புறப்பட்டார். சுவர்களின் கனத்தைக் குறைக்க அவர் கண்டுபிடித்த வழி வெடிமருந்து! நான்கு கோபுரங்களில் இரண்டும், இடையே ஒரு சுவரும்தான் மிஞ்சின.

பாரோ பள்ளத்தாக்கு வாற்கோதுமைக்குப் பேர்போனது. பார்லி என்று நாம் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். நோயாளிக்குக் கஞ்சி வைப்பதோடு நம் வீடுகளில் அதன் வேலை முடிந்துவிடும். அங்கே அதுதான் உழவனின் பணப்பயிர். தானியத்தை ஊறவைத்து, முளை கட்டி, சூட்டில் உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் கரைத்து, ஹாப் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் பீர். கறுப்பு நிற ஸ்டௌட்டுக்கு மட்டும் ஒரு தனிப் பக்குவம் உண்டு. முளை கட்டாத பார்லியைக் காப்பிக் கொட்டை போலக் கருக வறுத்துச் சேர்க்கிறார்கள். நிறமும் கசப்பும் அதிலிருந்து வருகின்றன. மால்ட்டுக்குத் தீர்வை இருந்த நாளில் இதற்குச் சட்டம் இடம் தரவில்லை. 1880ல் கிளாட்ஸ்டன் அந்தத் தீர்வையை எடுத்த பிறகே வழி பிறந்தது.

கார்லோவின் பார்லியும் மால்ட்டும் படகேறி, நதி வழியாகவும் கால்வாய் வழியாகவும் டப்ளினுக்குப் போயின. 1960 வாக்கில் அந்தப் படகுப் போக்குவரத்து நின்றது. உழவர்களுக்கு இன்னொரு ஊன்றுகோலாக இருந்தது சர்க்கரை ஆலை. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்க, சுதந்திர அயர்லாந்தில் முதல் ஆலை 1926ல் கார்லோவில்தான் தொடங்கியது. ஏறக்குறைய எண்பது வருஷம் ஓடி, 2005ல் அதுவும் மூடப்பட்டது. ஊரை அடையாளம் காட்டிய புகைபோக்கிகள் ஓய்ந்தன. எஞ்சியது பார்லிதான்.

ஷேமஸ் ஓஹாரா, ஈமன் ஓஹாரா என்ற அந்தச் சகோதரர்கள் கம்பெனியைப் பதிவு செய்தது 1996ல். ரயில் நிலையத்தை அடுத்த பழைய கருங்கல் சரக்குக் கிடங்கு ஒன்றில் கொப்பரைகளை ஏற்றினார்கள். ஆரம்பத்தில் தங்கள் சரக்குக்கு அவர்கள் வைத்த பெயர்கள் ரசிக்கத்தக்கவை. கோதுமை பீருக்குக் ‘குரிம்’ என்று பெயர். பீருக்குப் பழைய ஐரிஷ் மொழியில் வழங்கிய சொல் அது. கெல்ட் இனத்தார் குடித்த பானத்தைக் ‘கொர்மா’ என்று பழைய கிரேக்க நூல் ஒன்று குறிப்பிடுவதும் இதைத்தான். நம் வீட்டுக் குருமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! சிவப்பு பீருக்கு மோலிங் என்ற முனிவரின் பெயரை வைத்தார்கள். அதே நதியில் தெற்கே இருக்கும் செயின்ட் மல்லின்ஸ் அவருடைய ஊர். மாவு ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு மைல் நீள வாய்க்காலைத் தன் கையாலேயே ஏழு வருஷம் வெட்டினார் என்பது அவரைப் பற்றிய ஐதீகம்.

1999ல் ஓஹாரா ஸ்டௌட் வெளிவந்தது. மறு வருஷமே சர்வதேசப் போட்டியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் கிடைத்ததே தவிர, உள்ளூர் மதுக்கடைகளில் குழாய் கிடைக்கவில்லை. கடை மேஜையில் இருந்த குழாய்கள் எல்லாம் பெரிய கம்பெனிகளின் வசம். கடைக்காரருக்கும் ஏன் வம்பு? ஆகவே கார்லோ பீர் கப்பலேறியது. சொந்த ஊரில் கேட்பாரில்லாத சரக்கை வெளிநாட்டார் வாங்கிக் குடித்துத்தான் ஆலையைத் தாங்கினார்கள்.

2005ல், சர்க்கரை ஆலை மூடிய அதே வருஷம், சிறிய பீர் ஆலைகளுக்கு அரசாங்கம் தீர்வையில் பாதியைத் திருப்பித் தரத் தொடங்கியது. மேடைப் பேச்சுகளைவிட இந்த ஒரு சலுகை அதிகம் சாதித்தது. அடுத்த பத்து வருஷத்தில் அயர்லாந்து முழுவதும் சிற்றூர் ஆலைகள் முளைத்தன. ஆனாலும் ஆலையைப் பார்க்க வந்தவர் அங்கேயே ஒரு கோப்பை வாங்கிக் குடிக்க 2018 வரை சட்டம் இலகுவாக வழிவிடவில்லை.

இடம் போதாமல் 2009ல் ஓஹாரா ஆலை பக்கத்து ஊரான பேகனல்ஸ்டவுனுக்கு மாறியது. மக்கள் தொகை மூவாயிரத்துக்குள். 18ஆம் நூற்றாண்டில் வால்டர் பேகனல் என்ற ஜமீன்தார் அங்கே பிரான்ஸின் வெர்சேல்ஸ் போல ஒரு நகரம் எழுப்ப ஆசைப்பட்டாராம். கோச்சு வண்டிகள் வேறு பாதையில் போகத் தொடங்கியதும் அந்த ஆசை அப்படியே நின்றுபோனது.

ஆலை வளர்ந்ததற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. வெளிநாட்டுக் கடை அலமாரியில் ஒரே பெயர் நிற்க வேண்டும் என்று, நாளடைவில் எல்லாம் ‘ஓஹாரா’ ஆயின. மோலிங் பீர், ஓஹாரா ஐரிஷ் ரெட் ஆயிற்று. வியாபார நியாயம் புரிகிறது. இருந்தாலும் முனிவரை இறக்கிவிட்டது நமக்கென்னவோ உவப்பாக இல்லை. ஆறுதலாக, கெட்டியான ஸ்டௌட் ஒன்றுக்கு ‘லியான் ஃபுலாயின்’ என்று ஐரிஷிலேயே பெயர் வைத்தார்கள். ‘உடம்புக்கு நல்ல பீர்’ என்று அர்த்தம். டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஆங்கிலம் பேசும் ஊர்களில் அந்தப் புட்டியைக் கேட்டு வாங்குகிறவர், இரண்டு ஐரிஷ் வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.