மரபுரிமையா, சேர்க்கையா?

கணிப்பொறி நிரலில் ஒரு பொருளின் விவரங்களையும் செயல்களையும் வகுத்துக் கூறுவதை 'வகுப்பு' என்கிறோம். ஒரு வகுப்பு மற்றொன்றின் செயல்கள் அனைத்தையும் பெறுவது மரபுரிமை. அதனைத் தன்னுள் உறுப்பாக வைத்து, வேண்டிய வேலையை மட்டும் வாங்குவது சேர்க்கை. எதை நாம் தேர்ந்தெடுப்பது?

1996-இல் வெளிவந்த ஜாவா மொழியைப் பார்ப்போம். அடுக்கிய தட்டுகளில் மேல்தட்டைத்தானே முதலில் எடுக்கிறோம்? அம்முறைக்கென அமைந்த 'ஸ்டாக்' வகுப்பை, 'வெக்டர்' என்னும் பட்டியலின் வாரிசாக்கினர். எனவே நடுவில் செருகும் செயலும் அதற்கு வந்து சேர்ந்தது; அடுக்கின் ஒழுங்கு காவலிழந்தது! வெக்டரை உள்ளுறுப்பாக வைத்திருந்தால் இத்தொல்லை நேர்ந்திராது. அதை நம்பி எழுதிய நிரல்கள் பழுதாகுமாதலால், அவ்வுறவு இன்றும் நீடிக்கிறது.

ஆகவே, தாயின் செயல் யாவும் மகளுக்குப் பொருந்துமா என முதலில் கேட்போம். பொருந்தினால் மரபுரிமை, இல்லையேல் சேர்க்கையே நன்று.