ஸ்பேம் அனுப்ப உங்கள் பாஸ்வேர்டு எதற்கு?

2017 ஆகஸ்ட் மாதக் கடைசி. நெதர்லாந்தில் ஒரு சர்வர் யார் வேண்டுமானாலும் நுழையும்படி திறந்து கிடப்பதை, பென்கோ என்ற புனைபெயரில் இயங்கும் பாரிஸ் பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். உள்ளே 71 கோடியே 10 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள். ‘ஆன்லைனர்’ என்ற ஸ்பேம் கருவியின் கிடங்கு அது. அவற்றில் பல முகவரிகளுக்குப் பக்கத்திலேயே பாஸ்வேர்டும் இருந்தது.

குப்பை அஞ்சல் அனுப்ப முகவரி போதாதா? போதாது. முன்பின் தெரியாத சர்வரிலிருந்து மொத்தமாக வரும் அஞ்சலை வடிகட்டிகள் வாசலிலேயே நிறுத்திவிடும். பல வருடங்களாக ஒழுங்காக அஞ்சல் அனுப்பிவரும் ஒருவரின் கணக்கிலிருந்து, அவரது நிறுவனத்தின் சர்வர் வழியாகவே வந்தால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். ஸ்பேம்காரர்கள் திருடுவது அந்த நற்பெயரைத்தான். இப்படி அனுப்புவதற்கென்றே சுமார் 8 கோடி கணக்குகளின் விவரம் ஆன்லைனரிடம் இருந்தது. ஒரு கோப்பில் முகவரி, பாஸ்வேர்டு, அஞ்சல் சர்வரின் பெயர், 25 அல்லது 587 என்ற போர்ட் எண் எல்லாம் ஒரே வரியில் தயாராக நின்றன.

இவ்வளவு பாஸ்வேர்டு எங்கிருந்து வந்தது? பல பழைய கசிவுகளிலிருந்து. தரவுகளை அலசிய ஆஸ்திரேலிய நிபுணர் டிராய் ஹன்ட், 12 லட்சம் வரிகள் கொண்ட கோப்பு ஒன்றிலிருந்து மாதிரிக்குச் சில முகவரிகளை எடுத்துச் சோதித்தார். ஒன்றுவிடாமல் எல்லாமே 2012 லிங்க்ட்இன் கசிவில் போனவை. அங்கே போட்ட பாஸ்வேர்டையே மெயிலுக்கும் வைத்திருந்தவர்களின் கணக்கு, ஐந்து வருடம் கழித்தும் அதே சாவிக்குத் திறந்திருக்கும். தப்பு செய்தது கசியவிட்ட நிறுவனம். பெயர் கெடுவது இவர்களுக்கு. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

இந்தக் கணக்குகள் வழியாக ஆன்லைனர் முதலில் அனுப்பிய அஞ்சல் பார்வைக்குச் சாதாரணமானது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி அளவுப் படம் ஒன்று ஒளிந்திருந்தது. அஞ்சலைத் திறந்ததும் அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும். திறந்தவரின் ஐபி முகவரியும் அவர் வைத்திருப்பது விண்டோஸா, ஐபோனா என்பதும் அனுப்பியவருக்குப் போய்விடும். விண்டோஸ்காரர்களைப் பொறுக்கியெடுத்து அடுத்த அஞ்சல், பில் போன்ற இணைப்போடு. அதைத் திறந்தால் இறங்குவது ‘உர்ஸ்னிஃப்’, வங்கிக் கணக்கின் நுழைவு விவரங்களைத் திருடும் நிரல்.

கசிவில் உங்கள் முகவரி இருக்கிறதா என்பதை ஹன்ட் நடத்தும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இருந்தால் முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வேறெங்கும் போடாத ஒன்றாக. மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் வந்து விழுவது பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தான். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள். பட்டியலில் ஏறிய முகவரியை இறக்க வழியில்லை. அதன் பக்கத்தில் இருக்கும் பாஸ்வேர்டை இன்றைக்கே செல்லாததாக்கிவிடலாம்.