கத்திரி வெயிலும் கலங்கும் மனமும்

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கிவிட்டால் நம் ஊர்களில் எங்கும் ஒரே பேச்சுதான். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, மாட்டுக்குத் தீனி ஆடி வரை தாங்குமா, அம்மை பரவாமல் இருக்குமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். வெயிலால் உடலுக்கு வரும் கேடுகளையும் அவற்றுக்குரிய கைவைத்தியத்தையும் அறியாத வீடு இல்லை. ஆனால் இதே மாதங்களில் மனத்துக்கு வரும் கேட்டைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

காரணமின்றிச் சினம் வருகிறது. இரவில் உறக்கம் பிடிப்பதில்லை. உணவின்மீது வெறுப்பு உண்டாகிறது. ஒரு முழம் நெய்வதற்குள் தறியை விட்டு எழுந்துவிடத் தோன்றுகிறது. ‘வெயில் படுத்துகிறது’ என்று சொல்லி இவற்றைத் தள்ளிவிடுகிறோம். பலருக்கு முதல் மழையோடு இவை நீங்கியும் விடுகின்றன. சிலருக்கோ அப்படி நீங்குவதில்லை. அந்தச் சிலரை அடையாளம் கண்டுகொள்வதும், அவர்களுக்குத் துணை நிற்பதும் கூட்டுறவாளர் கடமை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் அறிந்தது

கோடைக்கும் மனத்துக்கும் தொடர்பு உண்டு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. நிலத்தையும் பொழுதையும் மனநிலையையும் ஒன்றாக வைத்து எண்ணியவர்கள் நம் முன்னோர். பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்த அவர்கள், அதற்குரிய ஒழுக்கமாகப் பிரிவை வைத்தார்கள். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பை இழக்கும்போது பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். நிலம் தன் இயல்பு திரிவது போலவே மனிதனும் திரியக்கூடும் என்பதை இதிலிருந்து நாம் உணர்ந்துகொள்ளலாம்.

மருத்துவம் கூறுவது

பருவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வை 1984ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய கூட்டாளிகளும் விரிவாக எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பகற்பொழுது குறுகிய குளிர்காலத்தில் வரும் சோர்வு. 1987இல் தாமஸ் வேர் என்பவரும் அவருடைய குழுவினரும், கோடையில் சோர்ந்து குளிர்காலத்தில் தெளிவு பெறும் மனிதரும் உண்டு என்று எடுத்துக்காட்டினார்கள். குளிர்காலச் சோர்வுடையோர் மிகுதியாக உறங்குவர், மிகுதியாக உண்பர். கோடைச் சோர்வுடையோர் நிலையோ இதற்கு நேர்மாறானது. உறக்கம் குறையும், பசி மந்தமாகும், எடை குறையும், மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் பரபரக்கும். நம் நாட்டுக் கோடையில் பலர் சொல்லும் குறைகளும் இவ்வகையினவே.

இதற்குரிய காரணங்கள் சிலவற்றை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். உடலின் உட்சூடு சற்றே தணிந்தால்தான் நல்ல உறக்கம் வரும். தகரக் கூரையும் காரைச் சுவரும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் கக்கும்போது அந்தத் தணிவு கிட்டுவதில்லை. பல இரவுகள் உறக்கம் கெட்டவருக்குச் சிறு சொல்லும் பெருங்காயமாகப் படும் என்பது யாவரும் அறிந்ததே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெப்பத்தில் இதயம் விரைந்து துடிக்கிறது, வியர்வை பெருகுகிறது, தலை சுற்றுகிறது. அச்சம் கொண்டவருக்கும் இவையே நேர்கின்றன. ஆகையால் முன்னமே கவலையில் இருப்பவர், வெயிலால் வந்த படபடப்பை ஏதோ பெருந்தீங்கின் அறிகுறியாக எண்ணி மேலும் அஞ்சுகிறார். அச்சத்தால் படபடப்பு இன்னும் வளர்கிறது. தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இத்துன்பம் இரட்டிப்பாகும்.

காலமும் கடனும்

வெயில் ஒன்றே குற்றவாளி என்று கருதிவிடலாகாது. நம் தொழில்களின் கணக்கும் இந்த மாதங்களில்தான் நெருக்குகிறது.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்த பின் நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. வைகாசி முழுவதும் உழவர் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். ஜூன் 12ஆம் நாள் அணை திறப்பது வழக்கம். 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2024இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. நாற்றங்கால் விடலாமா, விதை வாங்கலாமா, கடன் எழுதலாமா என்று முடிவு செய்ய இயலாத நாட்கள் அவை. முடிவு செய்ய இயலாமை ஒருவரை வாட்டுவது போல் உழைப்பு வாட்டுவதில்லை. ஆழ்துளைக் கிணற்றை நம்பியவருக்கு, மோட்டார் காற்றை இழுக்கும் ஓசையே போதும், அன்றிரவு உறக்கம் இல்லை.

நெசவாளர் நிலையும் வேறல்ல. பருத்தி இழைக்கு ஈரப்பதம் வேண்டும். உலர்ந்த அனற்காற்றில் பாவு இழை முறுகி அடிக்கடி அறுகிறது. அறுந்த இழையை எடுத்து முடிந்து மீண்டும் தொடங்குவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. ஒரு நாள் நெசவு ஒன்றரை நாளுக்கு நீள்கிறது. கூலியோ முழத்துக்குத்தான், நேரத்துக்கு இல்லை. ஆனி கழிந்து ஆடி வந்தால் முகூர்த்தம் இல்லை. பட்டுக்குக் கேட்பாரும் குறைவு. சரக்குத் தேங்கினால் சங்கத்திலும் பாவு கொடுப்பது குறைகிறது. அதே வேளையில் பள்ளிக்கூடம் திறக்கிறது. புத்தகமும் சீருடையும் வாங்கப் பணம் வேண்டும்.

வீட்டுப் பெண்களின் பாரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுப்பின் வெக்கையில் சமைத்து, குடத்தோடு தண்ணீருக்கு அலைந்து, இடைவேளையில் தார் சுற்றிக் கொடுத்து, கணவனுடைய சினத்தையும் தாங்கிக்கொள்பவர்கள் அவர்கள். அவர்கள் மனம் சோர்ந்தால் ‘சோம்பல்’ என்று பெயரிடுவது பெரும் அநீதி.

வெப்பத்துக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். மாதச் சராசரி வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது தற்கொலை விகிதம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 0.7 சதவீதமும் மெக்சிகோவில் 2.1 சதவீதமும் உயர்ந்ததாக 2018இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. இந்தியாவில் 1967 முதல் 2013 வரையிலான கணக்கை எடுத்துக்கொண்டு டாமா கார்ல்டன் என்ற அறிஞர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பயிர் வளரும் காலத்து வெப்பம் தற்கொலைகளைக் கூட்டியதென்றும், பயிரில்லாத காலத்து வெப்பத்தில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை என்றும் அவர் முடிவு கட்டினார். அவர் கணக்கிட்ட முறையைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. ஆயினும் அது சுட்டும் பொருள் நமக்கு முக்கியமானது. வெயில் உடலைச் சுடுவதோடு நிற்பதில்லை. வருமானத்தைச் சுட்டு, அதன் வழியாகவும் மனத்தை எட்டுகிறது. வெயிலைத் தணிக்க நம்மால் ஆகாது. வருமானத்தின் நெருக்கடியைத் தணிக்கவென்றே ஏற்பட்டது கூட்டுறவு.

எப்போது கவலைப்பட வேண்டும்?

களைப்பும் எரிச்சலும் எல்லோருக்கும் வரும். ஓர் இரவு நன்றாக உறங்கினால், ஒரு நாள் குளிர்ந்தால், அவை போய்விடும். ஆனால் பெரும்பாலான நேரம் மனம் தளர்ந்திருப்பதும், முன்பு விரும்பியவற்றில் நாட்டம் இல்லாமற்போவதும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால் அதை நோயாகக் கருதி மருத்துவரை நாட வேண்டும். உறக்கமின்மை, பசியின்மை, கவனம் சிதறுதல், தன்னையே பழித்துக்கொள்ளுதல், மனிதரைக் காண விரும்பாமை ஆகியவை உடன் வரும் அடையாளங்கள். குடிப்பழக்கம் திடீரென்று மிகுவதும் ஓர் அடையாளமே. மது தூக்கத்தைத் தருவதுபோல் காட்டிப் பின்னிரவில் அதைக் கெடுக்கும்.

‘நான் இல்லாவிட்டால் குடும்பத்துக்கு நல்லது’ என்பது போன்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தைக் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைத்து, உடனே உதவி தேட வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல்.

மற்றோர் எச்சரிக்கை. வெயிலில் வேலை செய்தவர் திடீரென்று உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது மனச்சோர்வன்று, வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, 108 வண்டியை அழைக்க வேண்டும். மனநோய்க்கு முன்பே மருந்து உண்போர் கோடையில் சிறப்பாகக் கவனமாயிருத்தல் நலம். சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் உண்பவர் உடலில் நீர் வற்றினால் அம்மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். இதற்கு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. மருத்துவரைக் கேட்டே எதையும் மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

வேலை நேரத்தை மாற்றிக்கொள்வது முதற்படி. பாவுக்குக் கஞ்சியிடுவோர் விடியுமுன்பே தெருவில் பாவு நீட்டுவது நம் பழைய வழக்கம். அந்த அறிவைத் தறிக்கும் வயலுக்கும் நீட்டினால் போதும். காலையில் முந்தித் தொடங்கி, உச்சிப்பொழுதில் ஓய்ந்து, வெயில் தாழ்ந்தபின் தொடரலாம். தறிக்கூடத்து ஓட்டின்மீதும் தகரத்தின்மீதும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும், தென்னங்கீற்று வேய்ந்தாலும் உட்சூடு குறையும். குழித்தறியைச் சுற்றி மண் தரையில் நீர் தெளித்தால் இழைக்கும் நல்லது. வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் பயன் தராது. ஈரத்துணியால் உடலை நனைத்துக்கொள்ள வேண்டும்.

தாகம் எடுக்குமுன் நீர் அருந்துவதும், நீராகாரம், மோர், கேழ்வரகுக் கூழ், வெள்ளரி, நுங்கு ஆகியவற்றைக் கொள்வதும் உடலுக்கும் மனத்துக்கும் ஒருங்கே நலம் செய்யும். மாலையில் தேநீரும் காப்பியும் குறைந்தால் உறக்கம் கூடும். கடன் கணக்கை இரவில் படுக்கையில் கிடந்து மனத்தில் போடாமல், பகலில் தாளில் எழுதி வீட்டாரோடு பார்ப்பது நன்று. தாளில் எழுதிய கடனுக்கு ஓர் எல்லை உண்டு. மனத்தில் ஓடும் கடனுக்கு எல்லையே இல்லை.

சங்கத்தின் பங்கு

மனம் தளர்ந்தவர் தம் குறையைத் தாமே வந்து சொல்வது அரிது. ஆனால் சங்கத்தின் பேரேடு சொல்லிவிடும். வாரந்தோறும் சேலை கொண்டுவந்தவர் மூன்று வாரமாக வரவில்லை. வாங்கிய நூல் துணியாகத் திரும்பவில்லை. தவணை தவறாதவர் தவறிவிட்டார். கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர் முகம் காட்டவில்லை. இவற்றை ஒழுங்கீனமாகவே கண்டு அறிவிப்பு அனுப்புவது எளிது. அந்தக் காகிதத்துக்கு முன்பாக நிர்வாகக் குழுவினர் ஒருவர் நேரில் சென்று, ‘உடம்பு எப்படி இருக்கிறது அண்ணே, தூக்கம் வருகிறதா?’ என்று கேட்டால் பேரேட்டுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. பெண் அங்கத்தினரைக் காண ஒரு பெண்ணே செல்வது நலம். கேட்டறிந்ததை அவையில் பேசாமல் காப்பதும் கடமையே.

தவணையை நீட்டிக்க விதி இடம் தருமா, பயிர்க்கடனைக் குறித்த நாளில் திருப்பினால் கிடைக்கும் வட்டிச் சலுகை என்ன, சேமநல நிதியில் எடுக்கத்தக்கது எவ்வளவு என்பவற்றை மே மாதத்திலேயே அங்கத்தினருக்கு விளக்கிவிட வேண்டும். சங்கக் கடன் கிடைக்கும் என்று அறியாமையால் கந்துவட்டிக்குச் சென்றவர் எத்தனை பேர்! தெளிவான விவரம் கவலைக்கு நல்ல மருந்து. சங்கக் கட்டடத்தில் நண்பகலில் நிழலும் குடிநீரும் நாலு பேர் பேசியிருக்க இடமும் அமைத்தால், பெருஞ்செலவில்லாத உதவியாகும்.

மருத்துவ உதவிக்கும் வழி உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் பகலிரவு எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஒரு சுண்ணக்கட்டி போதும். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு நோய் கொண்டோரில் நூற்றுக்கு 85 பேர் அளவில் சிகிச்சை பெறாதிருப்பதைக் கண்டது. இவர்களிற் பலரைத் தடுப்பது வெட்கம். காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே வெட்டி எறிவதில்லை. தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி எடுத்து முடிந்துவிட்டே மேலே நெய்கிறார். நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்றுதானே என்று அவர் விட்டுவிடுவதுமில்லை. விட்டால் துணியில் குறை தெரியும் என்பதை அவர் அறிவார். அங்கத்தினர் ஒவ்வொருவரிடத்தும் சங்கம் கொள்ள வேண்டிய கவனம் இதுவே. இந்தக் கோடையில் நிர்வாகக் குழு கூடும் முதற் கூட்டத்திலேயே, சில வாரங்களாக வராத அங்கத்தினர் யார் யார் என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, அவரவர் வீட்டுக்குச் செல்லும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வார்களாக.