விகடகவி தெரியுமா? அப்போ டி.என்.ஏ.வும் ஈஸி!

"எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாதுங்க... அதனாலதான் பயாலஜி எடுத்தேன்!"

புதுவையில் எந்த காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்தாலும் இந்த டயலாக் காதில் விழும். நீங்களும் அந்தக் கட்சியா? அப்போ கொஞ்சம் பக்கத்துல வாங்க. இந்தக் கட்டுரையே உங்களுக்குத்தான்!

முதலில் நம்ம ஊரையே எடுத்துக்குவோம். இந்திரா நகரில் வி.சி.ஆர்.சி. இருக்கிறதே, 1975-ல் இருந்து கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராய்கிற மத்திய அரசு மையம்... டெங்குவைக் கட்டுப்படுத்த வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை அங்கே உருவாக்கிய செய்தி 2022-ல் பரபரப்பாக வந்தது. சரி, ஒரு கொசுவுக்குள் அந்த பாக்டீரியா இருக்கா, இல்லையா? கண்ணால் பார்த்தால் தெரியாது. பி.சி.ஆர். டெஸ்ட் பண்ணணும். அதற்கு ஏறக்குறைய 20 எழுத்து நீளமுள்ள பிரைமர் வேணும். அந்த 20 எழுத்து, லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே எங்கே உட்கார்ந்திருக்கு என்று தேடித்தர கம்ப்யூட்டர் வேணும். கொசு பிடிக்கிறவருக்கும் கம்ப்யூட்டர் இல்லாமல் ஆகாது பாஸ்!

வெட்டுக் கத்தியும் விகடகவியும்

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் எழுதிய நீளமான வாக்கியம். இரண்டு இழைகள். ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. ஹிண்ட்-த்ரீ என்ற என்சைம் 'ஏஏஜிசிடிடி' என்ற ஆறெழுத்தைப் பார்த்தால் சரக்கென்று வெட்டும். ஏன் அந்த ஆறு? எதிர் இழையை எழுதிப் பாருங்க: 'டிடிசிஜிஏஏ'. அதைத் திருப்பிப் படிச்சா மறுபடியும் 'ஏஏஜிசிடிடி'! விகடகவியை எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் விகடகவி. இங்கே எந்த இழையிலிருந்து படிச்சாலும் அதே சொல். இந்த மாதிரி வெட்டும் என்சைம்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1978-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு.

இன்ஸ்டால் பண்ணலாமா?

தேடுகிற வேலைக்குப் பைத்தான் மொழியில் இலவசமாகக் கிடைப்பது பயோபைத்தான். 1999-ல் ஆரம்பித்த திட்டம், இன்றைக்கும் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

● முதலில் பைத்தானை இறக்குங்க. விண்டோஸ் என்றால், இன்ஸ்டால் திரையில் 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடிக்க மறக்காதீங்க. பாதிப் பேர் அழுவது இங்கேதான்!

● கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'பிப் இன்ஸ்டால் பயோபைத்தான்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிச்சு என்டர் தட்டுங்க. நெட் இருந்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கும்.

● சொந்தமா கம்ப்யூட்டர் இல்லையா? பிரவுசரில் கூகுள் கோலாபைத் திறந்து, அதே வரிக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு ஓட்டுங்க. நண்பனின் லேப்டாப்போ, காலேஜ் லேபோ, எதுவானாலும் ஓகே.

● இன்ஸ்டால் பண்ணும் பெயர் 'பயோபைத்தான்'. ஆனால் புரோகிராமுக்குள் கூப்பிடும் பெயர் வெறும் 'பயோ', அதுவும் முதல் எழுத்து பெரியது. உங்க ஃபைலுக்கும் அதே பெயர் வெச்சீங்க, போச்சு! பைத்தான் உங்க ஃபைலையே நூலகம் என்று நினைத்துக் குழம்பிடும்.

நான் தோற்ற கதை

ஃபைனல் இயர் பிராஜெக்ட். 'இதுக்கெல்லாம் எதுக்கு நூலகம், நாமே எழுதுவோம்' என்று ஒரு கெத்து. லாம்டா என்ற வைரஸின் டி.என்.ஏ.வில் மொத்தம் 48,502 எழுத்து. 1982-லேயே சாங்கர் குழு முழுசாகப் படிச்சு வெளியிட்டது. வரி வரியாகப் படித்து ஹிண்ட்-த்ரீ வெட்டும் இடத்தைத் தேடினேன். விடை: ஆறு. சந்தோஷமாகக் கைடிடம் நீட்டினேன்.

அவர் திட்டவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஜெல் படத்தைக் காட்டி, "எண்ணு" என்றார். நீங்க லேபில் ஓட்டுகிற அதே லாம்டா மார்க்கர்தான்! 23,130... 9,416... 6,557... 4,361... 2,322... 2,027... 564... 125. எட்டுத் துண்டு. அப்படின்னா வெட்டு ஏழு! என் கணக்கிலோ ஏழே துண்டு, அதில் ஒன்று 11,738. அப்படி ஒரு பேண்டே படத்தில் கிடையாது. 9,416-ஐயும் 2,322-ஐயும் கூட்டிப் பாருங்க, விஷயம் புரியும்.

என்ன ஆச்சு? என் ஃபைலில் ஒரு வரிக்கு 60 எழுத்து. 27,479-வது எழுத்தில் தொடங்கும் வெட்டிடம், 458-வது வரியின் கடைசியில் 'ஏஏ' என்று நின்று, அடுத்த வரியில் 'ஜிசிடிடி' என்று தொடர்ந்தது. வரி மடிந்த இடத்தில் ஒரு வெட்டே காணாமல் போச்சு! எரர் மெசேஜ் வந்ததா? ஊஹூம். புரோகிராம் சிரிச்சுக்கிட்டே தப்பான விடை தந்தது. லாம்டா என்பதால் மாட்டினேன். யாரும் பார்க்காத புது டி.என்.ஏ.வாக இருந்திருந்தால் அந்த ஆறு அப்படியே பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.

பயோபைத்தானில் ஃபைலைப் படிக்கும் பகுதி, வரிகளை ஒட்டி ஒரே சரமாக்கித் தரும். என்சைம்களுக்கென்று 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்ற தனிப் பகுதியே இருக்கு. ஹிண்ட்-த்ரீயைக் கூப்பிட்டு 'சர்ச்' என்று சொன்னால் ஏழு இடமும் வந்து நிற்கும்.

உஷார் பாஸ்!

● முதல் வெட்டு 23,130-வது எழுத்துக்கு அப்புறம். பயோபைத்தான் 23,131 என்று சொல்லும். அது வெட்டுக்கு அடுத்த எழுத்தின் எண். 'ஃபைண்ட்' போட்டுத் தேடினால் 23,129 வரும், ஏன்னா பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். மூன்றும் ஒரே இடம்தான், பதற வேண்டாம்.

● எல்லாச் சொல்லும் விகடகவி கிடையாது. 'ஏஏடிஏஏஏ'வைத் தேடினால் எதிர் இழைக்காக 'டிடிடிஏடிடி'யையும் சேர்த்துத் தேடணும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து இழையில் இருப்பதெல்லாம் விட்டுப்போகும்.

● 'ஏஏஏஏ'வில் 'ஏஏ' எத்தனை? சாதாரண 'கவுண்ட்' இரண்டு என்னும். ஒன்றின் மேல் ஒன்று விழுவதையும் சேர்த்தால் மூன்று. உங்களுக்கு எது வேணும் என்று முதலிலேயே முடிவு பண்ணுங்க.

● ஆறெழுத்துச் சொல் சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை வரணும். அந்தக் கணக்குப்படி லாம்டாவில் 12 வரலாம். வருவதோ ஏழு. இயற்கை சீட்டுக் குலுக்கிப் போட்டு எழுதுவதில்லை! ஏன் குறைவு என்று கேட்க ஆரம்பிச்சீங்கன்னா, அதுதான் ஆராய்ச்சி.

இதிலேயே மேலே போகணுமா? காலாப்பட்டில், நம்ம புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கு. பஸ் டிக்கெட் தூரம்தான்.

அதுக்கு முன்னால், இன்று ராத்திரி ஒரு வேலை. லாம்டாவை இறக்கி ஹிண்ட்-த்ரீயால் வெட்டிப் பாருங்க. எட்டுத் துண்டும் வரணும், கூட்டினால் 48,502 வரணும். விடை தெரிந்த கணக்கில் தேறினால்தான் விடை தெரியாத கணக்கில் கை வைக்கணும். வந்துச்சா? அப்போ உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் நல்லாவே ஆகும்!