பேசாத சம்பந்திகள்

உத்திரமேரூரில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் இரண்டு சம்பந்திகள் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை. இருவரும் கம்ப்யூட்டர்கள்!

பிள்ளை வீட்டுச் சம்பந்தி, 2011-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் அத்தை மகனுக்கு இலவசமாகக் கிடைத்த மடிக்கணினி. இப்போது அதில் லினக்ஸ் ஓடுகிறது. பெண் வீட்டுச் சம்பந்தி, மருமகள் கொண்டு வந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்.

காலமான மாமாவின் படங்களெல்லாம் மடிக்கணினியில்தான் இருக்கின்றன. அதில் பென் டிரைவ் செருகும் இடமோ பழுது. முதல் வருஷத் திதிக்குள் ஒரு படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட வேண்டும் என்பது அத்தையின் ஆசை.

"ஒரே வைஃபைதானே? ஒன்று மற்றதன் கண்ணில் ஏன் படவில்லை?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி! கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸ் பேசும் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதை மற்றக் கம்ப்யூட்டர்களும் பேச வழி செய்தவர் ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். அந்த மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லைத் தேடி, பின்னர் அதற்குச் 'சாம்பா' என்று பெயரிட்டார். எங்கள் மடிக்கணினியிலும் சாம்பா இருந்தது. அப்படியானால் குறை எங்கே?

இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். சோழர் காலக் குடவோலைத் தேர்தலில், குடத்திலிருந்து எடுத்த ஓலையை நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். பெயரை உரக்கச் சொன்னால்தானே சபைக்குத் தெரியும்? கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

முன்பு எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை நம்பி அந்த அறிவிப்பு நடந்தது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் அந்த வாசல் வழியாகவே உலகெங்கும் புகுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்த வாசல் மூடியே இருக்கிறது. விண்டோஸ் இப்போது வேறு முறையில் பெயர் கேட்கிறது. சாம்பாவுக்கு மட்டும் அது தெரியாது.

ஆகவே லினக்ஸில் 'டபிள்யூ.எஸ்.டி.டி.' என்ற சிறு நிரலைச் சேர்த்தோம். கட்டியக்காரனைப் போல் பெயரை அறிவிப்பது அதன் வேலை. விண்டோஸில் வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என்று குறித்து, 'நெட்வொர்க் டிஸ்கவரி'யை இயக்கினோம். சாம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல்லும் வைத்தோம். "பழைய வாசலைத் திறந்துவிட்டால் போதுமே" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சகோதரிகளே! திருடனும் அந்த வழியை அறிவான்.

மருமகள் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்றிருந்தார்.

"இதுதான்" என்றாள் அத்தை.