‘டொக்... டொக்...’ சத்தம் எங்கிருந்து வருகிறது? புல்வெட்டும் வண்டி நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் மகனோ மகளோ வீடு வாங்கினால், வீட்டோடு ஒரு புல்வெளியும் கூடவே வந்துவிடும். வட கரோலினா, டெக்சாஸ் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மனை பெரிதாக இருந்தால் தள்ளிக்கொண்டு நடக்கும் இயந்திரம் போதாது. சின்ன டிராக்டர் போல ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ‘ரைடிங் மோவர்’ வேண்டும். ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை பல ஊர்களில் சனிக்கிழமைக் காலையில் தெரு முழுக்க இந்தச் சத்தம்தான். புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டால், பல குடியிருப்புகளில் வீட்டுக்காரர் சங்கத்திடமிருந்து கடிதம் வரும். அடுத்து அபராதம்.

அப்படி ஒரு சனிக்கிழமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கும் பொள்ளாச்சி மாமனார் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார். மருமகன் ஓட்டும் வண்டி கிடுகிடுவென நடுங்குகிறது. உள்ளே எதுவோ தட்டுகிற சத்தமும் கேட்கிறது.

“மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க. சத்தம் சரியில்லீங்களே.”

“என்ஜின் போயிடுச்சு போல மாமா. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்கிறேன்.”

“வாங்கறது இருக்கட்டுங்க. கத்தி சுத்தாம என்ஜினை மட்டும் ஓட விடுங்க பார்ப்போம்.”

கிணற்றடியில் ஆயில் என்ஜினோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அமெரிக்கப் பட்டறைக்காரரும் இதையேதான் கேட்பார். புது வண்டி வாங்கலாமா, நாலு போல்ட்டை முறுக்கினால் போதுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

கத்தியா, என்ஜினா?

இந்த வண்டியில் இரண்டு பாகங்கள் தனித்தனியாக வேலை செய்கின்றன. மேலே என்ஜின். கீழே கவிழ்த்த தாம்பாளம் மாதிரி ஒரு இரும்புக் கூடு. அதை ‘டெக்’ என்பார்கள். அதற்குள் இரண்டோ மூன்றோ பிளேடுகள் சுழலும். என்ஜினின் அடியில் இருக்கும் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் போய் பிளேடுகளைச் சுற்றவைக்கிறது. மஞ்சள் நிறப் பொத்தானை இழுத்தால் பிளேடு ஓடும், அழுத்தினால் நிற்கும். பழைய வண்டிகளில் பொத்தானுக்குப் பதில் ஒரு கைப்பிடி இருக்கும்.

பிளேடை நிறுத்தியதும் நடுக்கமும் நின்றால் கோளாறு டெக்கில் இருக்கிறது, என்ஜினைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பிளேடு நின்ற பிறகும் நடுங்கினால் என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை இருக்கையில் உட்கார்ந்தபடியேதான் செய்ய வேண்டும். பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால் என்ஜின் தானாக நிற்பதற்கு இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தொல்லையாக இருக்கிறதென்று அதை ஒயர் போட்டு ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது விரலோடு விளையாடுகிற காரியம். பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் தர வரம்பு. கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 350 கிலோமீட்டர். அந்த வரம்பை ஒட்டிச் சுற்றுகிற இரும்புப் பட்டையில் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடினாலும் வண்டி முழுக்க ஆட்டம் காணும்.

டெக்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் பிளேடுதான் காரணம். புல்லுக்குள் மறைந்திருக்கும் மரவேரிலோ கல்லிலோ ஒருமுறை மோதினால் போதும், பிளேடு வளைந்துவிடும். வளைவு கண்ணுக்குத் தெரியாது, அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகு, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு ஒயரையும். சாவி கையில் இருக்கிறது என்பது போதுமான பாதுகாப்பு இல்லை. கனமான கையுறை போட்டுக்கொண்டு, பிளேடின் ஒரு நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, பிளேடை அரைச் சுற்று திருப்பி, அதே இடத்தில் மறு நுனியை அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பிளேடையே மாற்றிவிட வேண்டும். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதோ வெல்டு வைப்பதோ கூடாது. அந்த வேகத்தில் துண்டு பறந்தால் எதிரில் நிற்பவரின் கதி என்ன?

வளையாத பிளேடும் நடுக்கம் தரும். சாணை பிடிக்கும்போது ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் எடை சமமாக இருக்காது. சுவரில் ஓர் ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டிப் படுக்கை வாக்கில் விட்டால், கனமான பக்கம் தராசுத் தட்டு போல இறங்கும். இறங்குகிற பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். பிளேடைக் கழற்றும்போது இன்னொன்றையும் பார்த்துவிடலாம். நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ‘கடக் கடக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் அதைத் தாங்கும் பேரிங் போய்விட்டது.

குளிர்காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில், பெல்ட் புல்லியைச் சுற்றி இருந்த வளைவிலேயே இறுகிப்போயிருக்கும். முதல் சில நிமிடம் ‘தம் தம்’ என்று அடித்துவிட்டுச் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் பெல்ட்டில் துண்டு பிய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளேடு நின்றும் நடுங்குகிறதா?

என்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் நாலு போல்ட்டுகள். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினுக்கு இயல்பாகவே கொஞ்சம் உதறல் உண்டு. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3,600 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். அதாவது நொடிக்கு 30 உதை. வருடக்கணக்கில் இப்படி உதைத்தால் போல்ட் தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்று தளர்ந்ததும் மற்ற மூன்றும் சுமையைத் தாங்கி, துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து, பிறகு சட்டத்திலேயே விரிசல் விழும். தொடக்கத்தில் கவனித்தால் ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும்.

இரண்டு சிலிண்டர் என்ஜின் திடீரென்று உதறத் தொடங்கி, மேட்டில் ஏறத் திணறினால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நம்மூர் மெக்கானிக் பாஷையில் ‘மிஸ்ஸிங்’. என்ஜினைக் கிளப்பிச் சில நிமிடத்தில், தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியை இரண்டு புகைக்குழாய்களிலும் காட்டினால், எது குளிர்ந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இங்கே உதவாது, அதிக சூட்டை அளக்கும் பட்டறை வகை வேண்டும். பல சமயம் பிளக்கை மாற்றினாலே சரியாகிவிடும். இல்லையென்றால் காயில் பக்கம் போக வேண்டும்.

என்ஜினின் அடியில், பிளேடை இணைத்துத் துண்டிக்கும் மின்சார கிளட்ச் ஒன்று மாட்டியிருக்கும். அதன் போல்ட் தளர்ந்தால் வரும் சத்தம், என்ஜினுக்குள் ஏதோ உடைந்தது போலவே ஏமாற்றும். அதன் பேரிங் தேய்ந்திருந்தால் இன்னும் விசித்திரம்: பிளேடு நிற்கும்போது கரகரக்கும், பிளேடை ஓட்டினால் அடங்கிவிடும். கிளட்ச் பிடித்ததும் இரண்டு பாதியும் ஒன்றாகவே சுற்றுவதால் நடுவிலிருக்கும் பேரிங்குக்கு வேலை இல்லாமல் போவதுதான் காரணம். இதை அறியாமல் என்ஜினையே பிரித்துப் போட்டு வேலை பார்த்தால், செலவு செய்த பிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

மரக்கட்டையில் மோதியதால் கிராங்க் ஷாஃப்ட்டே வளைந்துபோவது தள்ளுவண்டி மோவர்களில் அதிகம். அங்கே பிளேடு நேரடியாக ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும். ரைடிங் மோவரில் நடுவில் பெல்ட் வழுக்கிக்கொடுப்பதால் அரிது.

தட்டுகிற சத்தத்தில் எத்தனை வகை!

நடுக்கம் கைக்குத் தெரியும். சத்தத்துக்குக் காது வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளின் ஸ்டெதாஸ்கோப். பிளேடு நின்றிருக்க வேண்டும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்க வேண்டும், பிளக் ஒயர், விசிறி, பெல்ட் பக்கம் போகக் கூடாது. வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும். கதவு மூடிய கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

மேல்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று தையல் மிஷின் போல மெல்லிய சத்தம் வந்தால் பெரும்பாலும் டேப்பெட். வால்வு இடைவெளி அதிகமாகிவிட்டது. இந்த என்ஜின்களில் அது பொதுவாக 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; சரியான அளவு அந்தந்த என்ஜினின் கையேட்டில் இருக்கும். அவசரமில்லை, அந்த வாரத்துக்குள் சரிசெய்தால் போதும்.

உயரமான புல்லில், மேட்டில், சுமை ஏறும்போது மட்டும் ‘கிணி கிணி’ என்று கோலிக்குண்டு உருளுவது போலக் கேட்டால், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கிறது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாவதும் ஒரு காரணம். குளிர்காலத்தில் எலிகள் விசிறி மூடிக்கு அடியில் வைக்கோலும் பஞ்சுமாகக் கூடு கட்டிவிடும். காற்றால் குளிரும் என்ஜினுக்கு அது மூக்கைப் பொத்தியது மாதிரி. மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே சத்தம் போய்விடுவதுண்டு. பெட்ரோலையும் பார்க்க வேண்டும். அமெரிக்க பங்க்குகளில் 15 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலும் விற்கிறார்கள். அதை மோவர் போன்ற சிறிய என்ஜின்களில் ஊற்றுவதை அங்குள்ள சட்டமே தடுக்கிறது. 10 சதவிகிதம் வரை பரவாயில்லை.

மிதவேகத்தில் கேட்டு, வேகம் கூட்டினால் மறையும் ‘டொக் டொக்’ என்றால் ஃப்ளைவீலோ அடிப்புல்லியோ தளர்ந்திருக்கலாம். ஃப்ளைவீலைச் சரியான கோணத்தில் நிறுத்த ‘கீ’ என்று சின்ன உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் தீப்பொறி விழும் நேரமே மாறி, ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் பின்னால் உதைக்கும்.

இனி, கேட்டவுடன் சாவியைத் திருப்ப வேண்டிய சத்தம். கீழே, வயிற்றிலிருந்து வருகிற கனமான இடி. யாரோ உள்ளே சுத்தியலால் அடிப்பது போல, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது துல்லியமாகக் கேட்கும். கனெக்டிங் ராடு தேய்ந்துவிட்டது. இந்தச் சிறிய என்ஜின்கள் பலவற்றில் ராடு அலுமினியம். கார் என்ஜினில் இருப்பது போலத் தனி பேரிங் கிடையாது, ராடே நேராகக் கிராங்க்கில் உட்கார்ந்து ஓடும். நடுவில் காப்பது ஆயில் படலம் மட்டும். ஆயில் குறைந்து ஓடினால் சில நிமிடத்திலேயே ராடு அரிக்கப்படும். ‘இந்த ஒரு மூலையை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்தலாம்’ என்று ஓட்டினால் ராடு ஒடிந்து, என்ஜின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். அதற்கு முன்பே நிறுத்தினால் கிராங்க்கைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

உறுதிசெய்ய வழி இருக்கிறது. ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பார்க்கலாம். மினுமினுவென்று வெள்ளித்தூள் தெரிந்து, அது காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் லேசாகத் திருப்பினால், பிஸ்டன் அசையாமல் ‘டக்’ என்று வெற்று ஆட்டம் கைக்குத் தெரியும். இரண்டும் இருந்தால் என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அந்தச் செலவில் வேறு என்ஜின் கிடைக்குமா என்று அப்போது கேட்பது நியாயம்.

ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. கார்புரேட்டரின் ஊசி சரியாக மூடாமல், வண்டி நிற்கும்போதே பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கும். பார்த்தவர் ‘ஆயில் நிறைய இருக்கிறது’ என்று திருப்தியாக ஓட்டுவார். தண்ணீராக இளகிய அந்த ஆயிலுக்கு ராடைக் காக்கும் திறன் இருக்காது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை காட்டிக்கொடுக்கும். டேங்குக்குக் கீழே ஒரு வால்வு இருந்தால், நிறுத்திய பிறகு அதை மூடிவைப்பது நல்லது.

மாமனார் கதைக்கு வருவோம். பிளேடை நிறுத்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ஆயில் சுத்தம். ஸ்குரூ டிரைவர் வைத்துக் கேட்டதில் வயிற்றில் இடி இல்லை. நாலு போல்ட்டில் ஒன்றைக் காணோம், இன்னொன்று விரலாலேயே சுற்றுகிறது. கடையில் அதே அளவு, அதே தரத்தில் வாங்கி, கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு முறுக்கிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் புல்வெளி முடிந்துவிடும்.

பட்டறைக்குப் போக வேண்டியிருந்தால், போன் கேமராவில் சத்தத்தைப் பதிவுசெய்து கொண்டுபோகலாம்: பிளேடு நின்று மெதுவான வேகத்தில் ஒன்று, முழு வேகத்தில் ஒன்று, பிளேடு ஓடும்போது ஒன்று. என்ஜினில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் பட்டறைக்காரருக்கு எந்த என்ஜின் என்று தெரியாது.