வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு

தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டினால் கேரளத்து மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, ஆண் சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்து, ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், வாங்கினார்கள். அக்டோபரில் கேரளத் தேயிலைக் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. ஏலத்தோட்டக் கூலி 267-லிருந்து 330. நாளுக்கு 63 ரூபாய், வாய் திறந்ததால் வந்தது.

வீட்டுக்குள் விழும் அடிக்கு அந்த வாய் திறப்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18–49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதற்கும் அது 29. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம். உதவியும் தேடாமல் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள் 77.

பயம், பிள்ளைகள், ஊர்ப்பேச்சு எல்லாம் காரணம்தான். கூலியையும் அதில் சேர்க்கிறேன். குரங்கணியிலிருந்து போடி சுமார் 16 கிலோமீட்டர். வழக்குப் போட்டு வாய்தாவுக்குப் போனால் அன்றைய வேலை போச்சு. துணைக்கு வரும் அம்மாவின் வேலையும் போச்சு. அந்த 330 ரூபாய் ஏலத்தோட்டக் கூலியை வைத்தே இருவருக்கும் 6 வாய்தாவுக்குப் போட்டால் 3,960 ரூபாய். மனு வந்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம். இழுக்க இழுக்கத் தொகை ஏறும்.

2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இந்தக் கணக்குக்காகவே எழுதியது போலிருக்கிறது. அடிபட்டதால் போன கூலி, மருத்துவச் செலவு, உடைத்த பொருளின் மதிப்பு, தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம், எல்லாம் கேட்கலாம். இவை மட்டும்தான் என்று சட்டம் வரம்பு கட்டவில்லை; வாய்தாவுக்குப் போன நாளையும் எழுதிக் கேட்கலாம். வீடு கணவன் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம். பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 330 ரூபாய்க் கணக்கில் 20,000 என்பது சுமார் 60 நாள் கூலி.

உதவி எண் 181, இரவும் பகலும்.

எடுத்த ஏலக்காயின் எடையை மனசிலேயே கூட்டி வைப்பவர்கள் ஏலத்தோட்டப் பெண்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும்: தேதி, எங்கே அடி, எந்த ஆஸ்பத்திரி, மருந்துச் சீட்டு, போன கூலி. நோட்டு அம்மா வீட்டில் இருக்கட்டும்.